காசும் பணமும் வராகனும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கையில் புழங்கும் காசு. மற்றொன்று சொல் தவறாத நேர்மை. முன்னது ஆட்சிதோறும் மாறியது. அந்த மாற்றத்தை அறியாதவர் முன்னோர் செய்த அறத்தின் அளவையும் அறிய இயலாது.

போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயம் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டில், வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்பார் அங்கு நந்தாவிளக்கு ஒன்றுக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இருபது காசு என்றதும் இன்றைய வாசகர் செப்புச் சல்லிகளை நினைத்தல் கூடும். ஆனால் அக்காலக் கல்வெட்டுகளில் காசு என்பது பொற்காசு. அணையா விளக்கொன்றைத் தாங்கும் முதலாக அது விளங்கியது.

சோழருக்குப் பின் விசயநகரப் பேரரசு எழுந்தபோது வராகன் என்னும் பொன் நாணயம் தொண்டை மண்டலத்தில் பரவியது. திருமாலின் வராக அவதாரத்தை ஒட்டி அமைந்தது அப்பெயர். 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் அளித்தபோது நாணயம் அச்சிடும் உரிமையையும் உடன் வழங்கினார். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து இப்பகுதியைக் கவனித்து வந்தார். ஆதலின் சென்னை நாணயத்தின் வரலாற்றில் பூந்தமல்லிக்கும் இடமுண்டு.

கம்பெனியார் அச்சிட்டவற்றுள் புகழ்பெற்றது நட்சத்திர வராகன். ஒருபுறம் திருமால் உருவமும் மறுபுறம் விண்மீன் குறியும் கொண்ட இச்சிறு பொற்காசின் எடை ஏறத்தாழ 3.4 கிராம். கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அதாவது, ஒரு வராகனுக்கு 3,360 காசு. சோழர் காலத்தில் பொன்னாக இருந்த காசு இங்கே செம்பாகித் தாழ்ந்துவிட்டது. பொன்னிலும் வெள்ளியிலும் வெளிவந்த சிறு நாணயத்தின் பெயராகிய பணமோ, இன்று செல்வம் அனைத்திற்கும் பொதுப்பெயராக உயர்ந்துவிட்டது.

கணக்கில் 42 பணம் என்றிருந்தாலும் கடைவீதியில் அவ்விகிதம் ஏறியும் இறங்கியும் வந்தது. நாணயத்தின் மாற்றையும் எடையையும் நோக்கிச் சொல்லும் சராப்புகளின் சொல்லையே எளியோர் நம்ப வேண்டியிருந்தது. சங்க காலத்தில் இத்தொழில் செய்தோரை வண்ணக்கர் என்றனர். புலவர் சிலரின் பெயரோடும் அச்சொல் இணைந்துள்ளது. கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள், குறைத்தும் மிகுத்தும் அளத்தலையும் போலியை மெய்யெனக் கொடுத்தலையும் தத்துவார்த்த சூத்திரம் அடக்கியிருப்பதன் அருமை இங்கே விளங்கும். தராசு பிடித்தவனின் விரதமே எளியவனுக்குக் காவல்.

1818-இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்டது; ஒரு வராகன் மூன்று ரூபாய் எட்டணாவுக்கு ஈடாயிற்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகள் அனைத்திற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. வராகன் வழக்கொழிந்தது. நாணயச்சாலையின் நினைவைத் தங்கசாலைத் தெரு இன்றும் தாங்கி நிற்கிறது.

தொழிலும் பணியும் நாடி வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியேறிய சமணக் குடும்பங்கள் பல. பூர்வீக வீட்டை விற்கும்போதும் இடிக்கும்போதும் பழைய ஏடுகளும் பத்திரங்களும் பயனற்றவை எனக் கழிக்கப்படுவதுண்டு. வராகன், பணம், காசு எனக் குறித்த ஓர் ஏட்டில், ஜினாலயத்திற்கு எவரோ விட்ட நிலத்தின் கணக்கோ, விளக்கிற்கு வைத்த முதலோ இருத்தல் கூடும். அதை எறிந்துவிட்டால் கொடுத்தவரின் பெயரும் கொடையின் நோக்கமும் ஒருங்கே மறையும். எனவே படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிய பின்னரே எந்த ஏட்டையும் விலக்குதல் வேண்டும்.

சாமுண்டப்பையின் காசு இன்று எந்தக் கடையிலும் செல்லாது. அவர் ஏற்றிய விளக்கின் செய்தி கல்லில் நின்றதால், ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவர் பெயர் செல்லுபடியாகிறது. கொடுத்தவரின் சொல்லைக் காத்தல் பின்வந்தவரின் நாணயம்.