வற்றிப்போன மானா



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் பேரன் கணினி விளையாட்டொன்றில் மூழ்கியிருந்தான். திரையிலே நீண்ட அங்கி அணிந்த மந்திரவாதி ஒருவன். எதிரே ஒரு பூதம். மந்திரவாதி கோலை உயர்த்துகிறான். ஒன்றும் நிகழவில்லை.

"என்ன, உன்ரை மந்திரவாதிக்கு மந்திரம் மறந்து போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மப்பா, மானா முடிஞ்சுது. நிரம்புமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேணும்" என்றான்.

திரையின் மூலையில் ஒரு நீலக்கோடு வற்றிக் கிடந்தது. பெற்றோல் முள்ளைப் பார்க்கும் சாரதியைப் போல அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ அந்தச் சொல் உறுத்தியது. 'மானா'வை நான் முன்னரே மானிடவியல் நூல்களிற் சந்தித்திருந்தேன். அங்கே அதற்கு முள்ளும் இல்லை, கோடும் இல்லை. பசுபிக் தீவுகளின் சொல்லொன்று எவ்வாறு மந்திரவாதியின் எரிபொருளாயிற்று? இன்று அந்தக் கதையையே சொல்ல நினைக்கிறேன்.

மெலனீசியத் தீவு மக்களிடையே பல்லாண்டு பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரி றொபேட் கொட்றிங்டன். 1891இல் அவர் வெளியிட்ட 'மெலனீசியர்' என்னும் நூலே மானாவை மேலைநாட்டு வாசகரிடையே பரவலாக அறிமுகஞ் செய்தது. அவர் தரும் உதாரணம் எளிமையானது. ஒருவன் வழியிலே விசித்திரமான கல்லொன்றைக் காண்கிறான். அதைக் கொண்டுபோய்த் தோட்டத்திலே புதைக்கிறான். எங்கள் இராசவள்ளியின் இனத்தைச் சேர்ந்த கிழங்கு அங்கே அமோகமாக விளைகிறது. அப்படியானால் அக்கல்லுக்கு மானா உண்டு. விளைச்சல்தான் சான்று.

பின்னர் அறிஞர்கள் இச்சொல்லைக் கையிலெடுத்தனர். பிரான்சில் மார்செல் மௌஸும் ஹென்றி ஹூபேரும் 1904இல் வெளியான தம் ஆய்வில், எந்நாட்டு மந்திர நம்பிக்கைக்கும் அடிப்படையாக மானாவைக் கண்டனர். அதை மின்சாரத்தோடு ஒப்பிட்டு விளக்கியோரும் உண்டு. கல்லிலும் மனிதரிலும் தேங்கி நிற்பதோர் ஆற்றல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்வதோர் ஆற்றல் என்ற சித்திரம் இவ்வாறு உருவாயிற்று.

இச்சித்திரத்தை வன்மையாக மறுத்தவர் றொஜர் கீசிங். சொலமன் தீவுகளின் மலைற்றா தீவிலே குவாயோ மக்களிடையே நீண்டகாலம் கள ஆய்வு செய்தவர் அவர். 1984இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் எடுத்துக்காட்டியது ஓர் இலக்கண உண்மையை. அப்பகுதி மொழிகள் பலவற்றில் மானா ஒரு பொருளின் பெயராக அன்றி, பெரும்பாலும் வினையாகவே வழங்குகிறது. பயன் தருதல், கைகூடுதல் என்பனவே அதன் பொருள்.

தமிழர்களாகிய நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. 'பலித்தல்' என்ற வினை நம்மிடம் உண்டு. பெரியவர் வாக்குப் பலித்தது என்கிறோம். கண்ட கனவு பலித்தது என்கிறோம். அந்த வாக்கிலே எத்தனை கொத்துப் பலிப்பு இருந்தது என்று எவரேனும் கேட்பதுண்டா? வினையைப் பெயராக்கிய கணத்திலேதான் 'எவ்வளவு?' என்ற வினா பிறக்கிறது. மானாவுக்கு நேர்ந்ததும் அதுதான்.

அவ்வினாவுக்குக் கதை வடிவம் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் லரி நிவென். 1969 முதல் அவர் எழுதிய சில கதைகளிலே மானா என்பது நிலத்தடி எண்ணெய் போன்றதோர் இயற்கை வளம். மந்திரம் செய்யச்செய்ய அது தீரும். தீர்ந்த இடத்தில் எத்தகைய மந்திரவாதியும் வெறும் கிழவன். அக்கதை வரிசையில் 'மந்திரம் விலகிச் செல்கிறது' என்ற குறுநாவல் வெளிவந்தது 1976இல். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பெற்றோல் நிலையங்களின் முன் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அதன் பொருளை எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இரவற் சொல்லானாலும், தன் காலத்தின் அச்சத்தை நிவென் அதிலே நேர்மையாகவே ஏற்றினார் என்பதை மறுப்பதற்கில்லை. பின்வந்த விளையாட்டுகளோ அச்சத்தை விட்டுவிட்டு அளவை மாத்திரம் எடுத்துக்கொண்டன. 1993இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'மஜிக்: த கதரிங்' என்ற சீட்டாட்டத்தில் மானா ஐந்து நிறங்களில் எண்ணிச் செலவிடும் நாணயம் போலாயிற்று.

வேறு சொற்களைத் தெரிந்தோர் வேறு மந்திரத்தையே படைத்தனர். 1950இல் வெளியான ஜக் வான்ஸின் 'சாகும் பூமி'யிலே மந்திரவாதி புறப்படுமுன் சில மந்திரங்களைப் பாடுபட்டு மனனஞ் செய்கிறான். ஒன்றை உச்சரித்ததும் அது அவன் நினைவினின்றும் அழிந்துவிடுகிறது. 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டு இம்முறையைப் பின்பற்றியது. என் பேரனிடம் நான் அறியாமலே கேட்ட கேள்வி வான்ஸின் உலகிலே முற்றிலும் பொருத்தமானது.

ஏர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி'யிலே மந்திரம் என்பது பொருள்களின் மெய்ப்பெயரை அறிதல். இளைஞன் கெட் தனித்த கோபுரமொன்றில் இருந்து பெயர்ப்பட்டியல்களைப் படித்துப் படித்துச் சலிக்கிறான். அங்கே மந்திரம் பலிக்காவிட்டால் கலம் வற்றிவிட்டது என்பதல்ல பொருள். நீ இன்னும் அறியவில்லை என்பதே பொருள். லெ குவின் மானிடவியலாளர் அல்பிரட் குரோபரின் மகள். எனினும் தம் மந்திரவுலகின் அத்திவாரத்துக்கு அவர் அரிய அந்நியச் சொற்களை நாடவில்லை. பெயர், நிழல், சமநிலை என்ற சாதாரணச் சொற்களே அவருக்குப் போதுமாயிருந்தன.

ஆக, கோல் ஓய்ந்து நிற்கும் மந்திரவாதி ஒருவனே. நினைவு என்ற சொல் அவனை மறதிக்காரனாக்குகிறது. பெயர் என்ற சொல் மாணவனாக்குகிறது. மானா என்ற சொல் கடனாளியாக்குகிறது. கதை தொடங்குமுன்பே கலைச்சொல் வாசகனின் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறது.

விளையாட்டுத்தானே, இதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் மானா இன்றும் வாழும் சொல். மதிப்பும் அதிகாரமும் அதிலே அடங்கும். 1835இல் அவர்தம் தலைவர்கள் செய்த சுதந்திரப் பிரகடனத்தில், நிலத்தின் மீதான இறைமையைக் கூறுமிடத்தில் அச்சொல் நின்றது. 1840இன் வைதாங்கி உடன்படிக்கையிலோ, ஆங்கிலப் பிரதி இறைமையையே கையளிப்பதாகக் கூற, மாவோரிப் பிரதியில் 'ஆளுநர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வழிவந்த புதுச்சொல் இடம்பெற்றது. மானா என்று எழுதியிருந்தால் தலைவர்கள் ஒப்பமிட்டிருப்பார்களா என்ற விவாதம் இன்றளவும் ஓயவில்லை. அத்தகையதொரு சொல்லைத்தான் உலகத்துப் பிள்ளைகள் நீலக்கோடாக அறிந்திருக்கிறார்கள்.

அன்றிரவு பேரனுக்குக் கல்லின் கதையையும் கிழங்கின் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டிருந்தவன் கடைசியில் ஒன்று கேட்டான்:

"அப்ப, அந்தக் கல்லுக்கை எவ்வளவு மானா இருந்தது, அம்மப்பா?"

"கிழங்கு விளைஞ்சுதெல்லே ராசா" என்றேன். அவனுக்கு அது விடையாகப் படவில்லை.