காப்பித் தீவும் காரைக்கால் சேரிகளும்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவு, இன்று காப்பியைக் காட்டியும் சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறது. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், ‘பூர்போன் புவாந்து’ என்ற காப்பியைச் சுவைக்கத் தருகிறார்கள். சந்தையிலிருந்து மறைந்தே போயிருந்த இந்த வகையை, ஜப்பானியக் காப்பி நிபுணர் யோஷியாகி கவாஷிமாவின் முயற்சி மீட்டது. 2007-ல் அது ஜப்பானில் மிக உயர்ந்த விலைக்கு விற்பனைக்கு வந்தது. அந்தத் தீவின் தோட்ட வரலாற்றில் நம் காரைக்காலுக்கும் பங்கு உண்டு. அதை நாம்தான் பேச வேண்டும்.

தீவின் பழைய பெயர் பூர்போன். 1715-ல் ஏமன் நாட்டிலிருந்து காப்பிக் கன்றுகள் அங்கே கொண்டுவரப்பட்டன. காட்டை அழித்து அவற்றை நட்டு வளர்த்தவர்கள் அடிமைகள். பெரும்பாலோர் மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிடிக்கப்பட்டவர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1806, 1807 புயல்கள் காப்பியைச் சாய்த்தபின், அந்த நிலங்களைக் கரும்பு பிடித்துக்கொண்டது.

வில்லேல் என்ற பண்ணையைப் பாருங்கள். காப்பியும் பருத்தியும் விளைந்து, பிறகு கரும்புக்கு மாறிய பண்ணை. அதன் உரிமையாளர் மதாம் டெபாசினிடம் 400-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பேரன் யூஜின் டெபாசின்தான் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியில் இருந்துகொண்டு காரைக்காலையும் ஆண்ட பிரெஞ்சிந்திய ஆளுநர். பாட்டி தீவில் பண்ணைக்காரி, பேரன் இங்கே ஆட்சியாளர். அதே 1828-ல்தான் இந்திய ஒப்பந்தக் கூலிகள் முதன்முதலாக அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1848 டிசம்பர் 20-ல் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. சுமார் 60,000 பேர் விடுதலை பெற்றார்கள். முதலாளிகளுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. காரைக்கால் துறைமுகம் ஆள் ஏற்றும் துறைமுகமானது. மேஸ்திரிகள் தஞ்சைச் சீமையின் ஊர்களில் ஆள் திரட்டினார்கள். 1882-ல் ஆங்கில அரசு நிறுத்தும்வரை, இந்தியாவிலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரீயூனியனுக்குப் போனார்கள்.

போனவர்கள் எல்லாரும் தலித்துகள் அல்லர். ஆனால் பறையர் உள்ளிட்ட நிலமற்ற மக்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் ஏன் போனார்கள்? பஞ்சம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. நெல் விளைவித்தவன் பண்ணையாள், நெல் குவிந்தது மிராசுதாரின் களஞ்சியத்தில். சமத்துவம் பேசிய பிரான்சும் இங்கே சாதியைத் தொடவில்லை. இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கலாம் என்று 1819-லேயே ஆணையிட்டது. சாதியிலிருந்து தப்பக் கப்பலேறியவனும் உண்டு, ஆசைகாட்டி ஏற்றப்பட்டவனும் உண்டு. இருவருக்கும் அங்கே காத்திருந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம். அடிமைகள் உழைத்த அதே நிலங்களில் இவர்கள் கரும்பு வெட்டினார்கள்.

அவர்களின் வாரிசுகளை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள். பலருக்குத் தமிழ் போய்விட்டது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வில்லேல் இன்று அருங்காட்சியகம். பக்கத்துத் தீவான மொரீசியசில் கூலிகள் கரையிறங்கிய படித்துறை 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காரைக்காலில் சுற்றுலா வளர்ச்சி என்று பேசும்போது கடற்கரையையும் கோயில்களையும் சொல்கிறார்கள். இந்தக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்களையும் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். புறப்பட்ட கப்பல்களின் பெயர்களும், ஏறியவர்களின் பெயர்களும், அவர்களின் ஊர்களும் தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும். அங்கிருந்து வேர் தேடி வரும் பேரப்பிள்ளைக்குக் கோயில் கோபுரத்தைக் காட்டுகிறவர்கள், அவன் முன்னோர் வாழ்ந்த சேரிக்கும் வழிகாட்ட வேண்டும்.