புதுக்கோட்டை லயப் பாணியும் வானொலிப் பதிவுகளும்

கர்நாடக இசையில் மிருதங்கம், கஞ்சிரா ஆகிய தாளக் கருவிகளை வாசிக்கும் மரபுகளுள் ஒன்று புதுக்கோட்டைப் பாணி. தஞ்சாவூர்ப் பாணியோடு இணைத்துப் பேசப்படும் இது, கணக்கின் செறிவுக்கும் சொற்களின் தெளிவுக்கும் பெயர்பெற்றது. இதன் வாசிப்பு இன்றும் காதில் விழுவதற்குப் பெரும் துணையாக இருந்தது அகில இந்திய வானொலி.

பாணியின் மூலவர் மான்பூண்டியா பிள்ளை (1857–1922). பஜனைகளில் புழங்கிய கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்கு இணையாக அமர்த்தியவர் அவரே. பலாமர வளையத்தின் ஒரு பக்கம் உடும்புத் தோல் போர்த்தி, சட்டத்தின் துளையில் உலோகக் காசுகள் கோத்தது கஞ்சிரா. தோலின் உட்புறம் நீர் தடவிச் சுருதியைத் தாழ்த்துவர். ஒரு கை தோலை அழுத்தித் தளர்த்த, மறு கை வாசிக்கும். கும்கி எனும் வளைந்தொலிக்கும் தாழ்நாதம் பிறப்பது இப்படித்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஆட்டுத்தோலும் பயன்படுகிறது. மான்பூண்டியா பிள்ளையின் மாணவர்களுள் தலையாயவர்கள் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் பழநி முத்தையா பிள்ளையும். தட்சிணாமூர்த்தி பிள்ளை இரு கருவிகளிலும் ஈடற்றவர்.

வானொலி சற்றுத் தாமதமாகவே வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936இலேயே மறைந்துவிட்டார். எனவே ஒலிபரப்பில் இப்பாணியின் குரலானவர் முத்தையா பிள்ளையின் மகன் பழநி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கையர் என்பதால் மேடையில் பக்கவாத்தியக்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அதனால் அவரைத் தவிர்த்தோரும் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணைநின்றார். வானொலியில் கை தெரியாது, சொல் மட்டுமே கேட்கும். மிருதங்கத்தின் உயர்சுருதி முகமான வலந்தலையின் தெளிவும் தாழ்சுருதி முகமான தொப்பியின் கும்கியும் ஒலிவாங்கிக்கு அருகில் துலங்கின. நிலைய நேரத்துக்குள் தாள வாத்தியத்தின் தனி ஆவர்த்தனம் அடங்க வேண்டியிருந்ததால் முடிப்புக் கணக்குகளான மோராவும் கோர்வையும் சுருங்கச் சொல்லப்பட்டன; இந்தச் சுருக்கம் பாணிக்கு அழகே சேர்த்தது.

மனோதர்ம வாசிப்புக்கு வானொலிப் பதிவே முதன்மைச் சான்று. தமிழ்நாட்டில் நிலையங்களின் சேமிப்போடு, ரசிகர்கள் வீட்டு ஸ்பூல் நாடாக்களில் பிடித்துவைத்த ஒலிபரப்புகளும் இம்மரபைக் காத்தன.

பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இப்பாணியைக் கற்பித்தார். பழைய நாடாக்கள் இப்போது எண்ம வடிவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன.