வீட்டறிவும் பள்ளிமொழியும்

வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, பள்ளியில் பிறிதொரு மொழி என வாழ்வது, புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவான நிலை. பள்ளியின் மொழியை அறியாமல் வகுப்பில் நுழையும் குழந்தைக்கு அதனை எவ்வாறு கற்பிப்பது? இவ்வினாவுக்கு அமெரிக்க நகரங்கள் அரை நூற்றாண்டாகத் தேடிய விடையின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். நம் இல்லங்களுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

1970ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரச் சீனக் குடும்பங்கள் பள்ளி நிருவாகத்தின்மீது வழக்குத் தொடுத்தன. அங்கே ஆங்கிலம் அறியாத சீன மாணவர் ஏறத்தாழ 2,800 பேர் பயின்றனர். அவர்களுள் சுமார் 1,000 பேருக்கே தனி ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. எஞ்சிய 1,800 பேரும் விளங்காத பாடத்தைக் கேட்டபடி அமர்ந்திருந்தனர். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பின்னணி தந்த நிறைகுறைகளோடுதான் பள்ளிக்கு வருகின்றனர். அவற்றுக்குப் பள்ளி பொறுப்பன்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஆயின் உச்ச நீதிமன்றம் 1974 சனவரி 21 அன்று, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், அக்கருத்தை ஒருமனதாக மறுத்தது. மொழி விளங்காத மாணவருக்கு மற்றவர்க்குரிய அதே நூலையும் அதே ஆசிரியரையும் தந்துவிடுவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதே நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

எனினும், எம்முறையில் கற்பிக்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வகுத்துரைக்கவில்லை. அதற்கான விடையைக் கல்வியாளர் பலர், 1934இல் தம் 37ஆம் வயதில் மறைந்த உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கியின் எழுத்துகளில் தேடினர். அவருடைய கட்டுரைத் தொகுப்பொன்று 1978இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் அக்கருத்துகள் அமெரிக்காவில் விரைந்து பரவின. அறிவு தனிமனிதர் மூளைக்குள் தானே முளைப்பதன்று. தாய், தந்தை, ஆசிரியர், தோழர் ஆகியோரோடு கூடிச் செயற்படும்போது வளர்வது என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின், குழந்தையின் குடும்பத்தையும் பண்பாட்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு மொழியை மட்டும் கற்பித்தல் இயலுமோ?

அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல், நார்மா கான்சலஸ் முதலிய ஆய்வாளர்கள் இவ்வினாவைச் செயலில் ஆராய்ந்து, 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களோடு இணைந்த ஆசிரியர்கள், மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் இல்லங்களுக்குக் கற்பிக்க அன்று, கற்றுக்கொள்ளவே சென்றனர். உழவு, சுரங்கத் தொழில், கட்டடக் கலை, வணிகம், மூலிகை மருத்துவம் என அங்கே பெருகிக்கிடந்த அறிவைக் கண்டனர். மெக்சிகோ மிட்டாய்களைக் கொணர்ந்து விற்ற ஒரு சிறுவனின் சிறுவணிகமே ஒரு வகுப்பின் பாடமாயிற்று. தாய் ஒருவர் வகுப்பறைக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். அதனைக் கொண்டே மாணவர் கணக்கும் அறிவியலும் பயின்றனர்.

இம்முயற்சிகளுக்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1998இல் கலிபோர்னியாவும் 2000இல் அரிசோனாவும் மக்கள் வாக்கெடுப்பின் வழியே இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தின. ஆங்கிலம் விரைவில் கைவராவிடின் பிள்ளையின் எதிர்காலம் கெடும் என்ற அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், வீட்டுமொழியில் பெறும் எழுத்தறிவு ஆங்கிலக் கல்விக்குத் துணையாகுமேயன்றித் தடையாகாது என ஆய்வுகள் பல காட்டின. 2016இல் கலிபோர்னிய மக்கள் மீண்டும் வாக்களித்து அக்கட்டுப்பாட்டை நீக்கினர்.

நம் நாட்டிலும் 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு கூறுகிறது. சட்டம் வழிகாட்டலாம், வீட்டின் செல்வத்தைப் பள்ளிக்கு உணர்த்த வேண்டியவர் நாமே. தாய் இடும் கோலத்தில் வடிவக்கணிதம் உண்டு. பாட்டியின் கைம்மருந்தில் தாவரவியல் உண்டு. பள்ளிமொழி வரவேண்டும் என்பதற்காக இவற்றை மறக்குமாறு பிள்ளைகளிடம் கூறுவோமாயின், அவர்கள் இழப்பது ஒரு மொழியை மட்டுமன்று. கற்பதற்குரிய அடித்தளத்தையுமே ஆகும். ஆதலின் வீட்டில் தமிழ் பேசுவோம். நம் இல்லத்து அறிவை ஆசிரியரிடமும் எடுத்துரைப்போம்.