நான்கு சுவர்களுக்குள் வந்த துப்பாக்கி

அபிராமபுரத்தின் தெருக்களில் இன்று நடப்பவர்க்கு, மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட இப்பிரதேசம் ஒரு காலத்தில் தோட்டமும் வயலும் திறந்த வெளியுமாகக் கிடந்தது என்பது நம்புவதற்கு அரிதாகத் தோன்றும். அக்காலத்தில், 1867-இல் மதராஸ் போட் கிளப்பை நிறுவி ஆற்றில் துடுப்பு வலித்த வெள்ளைக்காரச் சமூகத்தார், அதே உற்சாகத்தோடு துப்பாக்கி ஏந்தித் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சென்று உள்ளான் பறவைகளைச் சுட்டு வந்தனர். அக்கரையில் கிண்டிக் காடோ கவர்னர் மாளிகையைச் சார்ந்த வேட்டைக் காடாக விளங்கியது. ஆளரவமற்ற அவ்வெளிகளில் குறி தவறிய குண்டு சேற்றில் புதைந்து போகும். ஆதலின் அன்றைய மரியாதை விதிகள், கூட வருபவரையும் புதர் தட்டிப் பறவை எழுப்பும் கூலியாட்களையும் காப்பதோடு நின்றுவிட்டன. நம்மவர்க்கு அந்த விதிகளைக் கற்கும் வாய்ப்புக்கூடப் பெரும்பாலும் இருக்கவில்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி கூடாதென விதித்து, வெள்ளையருக்கு விலக்கு அளித்திருந்தது. அந்த அநீதியின் வடு நெடுங்காலம் ஆறவில்லை.

துப்பாக்கியைக் கூரையின் கீழ் கொண்டுவந்தது போயர் யுத்தம். 1899-இல் தொடங்கிய அப்போரில் குறி தவறாத தென்னாப்பிரிக்கக் குடியானவர்களிடம் அடிபட்ட ஆங்கிலேயர், தம் நாட்டுத் தொழிலாளரும் குமாஸ்தாக்களும் மாலை வேளையில் சுடப் பழக வேண்டும் என்று கருதி, லார்டு ராபர்ட்ஸ் போன்றாரின் ஆதரவோடு சிறு துப்பாக்கிச் சங்கங்களை ஊர்தோறும் நிறுவினர். பெரிய ரைபிளுக்கு மைதானம் வேண்டும்; .22 ரைபிளுக்கோ இருபத்தைந்து கஜ நீளமுள்ள ஒரு கூடம் போதுமானதாயிற்று. ஆனால் துப்பாக்கி சிறிதானமையால் அபாயம் சிறிதாகிவிடவில்லை. அந்தச் சிற்றுருக் குண்டு தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும். அபிராமபுரத்தில் குழல் சற்றே மேல்நோக்கியிருக்கக் கிளம்பிய குண்டு, கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நிற்பவர்மீது பாயக்கூடும். நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்து, வீட்டோடு வீடு ஒட்டத் தொடங்கிய பட்டணத்தில், சரிவாக நிறுத்திய எஃகுத் தகடும் மணல் மேடும் பக்கச் சுவர்களும் தவிர்க்க முடியாதவை ஆயின.

நம் இளைஞரில் பெரும்பாலோர் கட்டுப்பாட்டோடு சுடும் இந்த ஒழுங்கை முதன்முதலாகக் கண்டது கல்லூரியில்தான். 1920-இல் ஏற்பட்ட யூனிவர்சிட்டி டிரெயினிங் கோரின் வாரிசாக 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றியபோது, .22 ரைபிளும் இருபத்தைந்து கஜ தூரமும் ஐந்து தோட்டாக்களை ஓரிடத்தில் நெருக்கமாகச் செலுத்தும் பயிற்சியும் சாமானியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எட்டின. குப்புறப் படுத்து, கட்டளை வந்தபின் சுட்டு, கட்டளை வந்தபின் எழுந்த அந்த அனுபவத்தை, அறுபது வயதைக் கடந்த கனவான்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வதை நான் கேட்டிருக்கிறேன். 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் உருவாகி, பின்னர் மக்களவைச் சபாநாயகரான ஜி. வி. மவ்லங்கர் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் அங்கத்தினர் குறி பழகுவதற்கு வைத்திருக்கும் .22 ரைபிளையும் ஏர் ரைபிளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆட்சியாளரின் அந்தரங்க உரிமையாயிருந்த ஒன்று குடிமகனின் விளையாட்டாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

சென்னையில் அவ்விளையாட்டின் பழைய வீடு எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள ரைபிள் கிளப். அதே வளாகத்துப் பழங்கட்டடம் 2021 முதல் காவல்துறை அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. வேளச்சேரியில் குருநானக் கல்லூரி வளாகத்திலும் ஒரு துப்பாக்கி சுடும் தளம் உண்டு. 1984-இல் பத்து மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும், 2008-இல் அபினவ் பிந்த்ரா அதில் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் இத்தளங்களுக்குப் புதிய தலைமுறையை இழுத்து வந்தன.

அத்தகைய தளத்தின் நியமங்களை அருகிருந்து பார்ப்பது அவசியம். பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் அரை மில்லிமீட்டர் குறுக்களவே கொண்டது, 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட் அதைத் தொட வேண்டும். கான்வாஸும் தோலும் சேர்ந்த விறைத்த உடுப்பில் ஒருவர் மூச்சை அடக்கி நிற்கையில், பக்கத்துத் தடத்தில் எவரேனும் உரக்கப் பேசினாலோ கைப்பேசி ஒலித்தாலோ அவருடைய உழைப்பு வீணாகிறது. மௌனம் இங்கே பிறருக்குச் செய்யும் உபகாரம். ரேஞ்ச் ஆபீசர் “ஸ்டாப்” என்றதும், விசைமேல் விரல் அழுந்தத் தொடங்கியிருந்தாலும், தேசிய சாம்பியனும் அன்று சேர்ந்த சிறுமியும் ஒரே கணத்தில் நிறுத்தியாக வேண்டும். குழல் எந்நேரமும் இலக்கின் திசையையே நோக்கியிருக்கும். சுட்டு முடித்தபின் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று யாவரும் காண வண்ணக் கயிற்றைக் குழலுள் செருகி, அதிகாரி பார்த்தபின்னரே சுடும் கோட்டிலிருந்து விலகலாம். பிறர் துப்பாக்கியைக் கேளாமல் தொடுவது பெருங்குற்றம். இந்த விளையாட்டில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றுவது, குறி பார்க்கும் வித்தையைக் காட்டிலும், துப்பாக்கியைத் திறந்து வெறுமையைக் காட்டிக் கீழே வைக்கும் இந்த ஒழுக்கமே. மூடிய கூடத்தில் ஈயத்தூள் காற்றில் கலந்து கையிலும் படிவதால், நல்ல காற்றோட்டம் வேண்டும். தளத்துக்குள் உண்பதும் பருகுவதும் கூடாது. வெளியே வந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே டிபன் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நம் மொட்டை மாடிகளில் கேட்கும் ஏர் கன் ஓசை. குறிப்பிட்ட ஆற்றலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்பதனால், விடுமுறையில் பிள்ளைகள் தென்னை மரத்துக் காக்கையைக் குறிபார்ப்பதைப் பெற்றோர் சிரித்துக்கொண்டே பார்க்கின்றனர். தடுக்க எஃகுத் தகடும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆபீசரும் இல்லை. எதிர்மாடியிலோ துணி உலர்த்தும் பெண்மணியும் வடாம் காக்கும் பாட்டியும் இருக்கிறார்கள். கண்ணில் பட்ட பெல்லட் பார்வையைப் பறிக்க வல்லது. பிள்ளைக்கு ஆசை மெய்யாகவே இருக்குமானால், தந்தையார் அந்த ஏர் கன்னைப் பூட்டி வைத்துவிட்டு, முறையான பயிற்சி தரும் ஒரு தளத்தில் அவனைச் சேர்த்து, முதல் சில வாரங்கள் தாமும் பின்வரிசையில் அமர்ந்து அந்தக் கட்டளைகளைக் கேட்டு வரட்டும்.