எப்போது, எங்கே? – ஓய்வூதியமும் சேலத்து ஊர்களும்

பிசிராந்தையாரிடம் கேட்கப்பட்ட கேள்வியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். இத்தனை வயதாகியும் தலை நரைக்கவில்லையே, எப்படி? புறநானூற்றின் 191ஆம் பாடலில் அவர் கூறும் விடையில் மனைவி மக்கள் வருகிறார்கள், ஏவலர் வருகிறார்கள், தீங்கு செய்யாத வேந்தன் வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் குடியிருக்கும் ஊரும் அங்குள்ள சான்றோரும் வருகிறார்கள். முதுமையை ஊரோடு சேர்த்துப் பேசிய பழைய சான்று இது. வருமானத்தைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. புலவர் வீட்டுப் பசியை அத்தனை பாடல்களில் வைத்திருக்கும் தொகை நூலில்தான் இந்த அமைதியும் இருக்கிறது.

பாடலை நடத்திவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தால் அங்கே பேச்சு வேறு. எப்போது ஓய்வு, எங்கே வீடு? சேலத்திலா, நாமக்கல்லிலா, பிறந்த கிராமத்திலா? நாற்பதுகளில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. அதற்கொரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் சிறிது பழங்கதை பேசவேண்டும்.

'எப்போது' என்பதை நம் நாட்டில் அரசு ஊழியர் பெரும்பாலும் தாமே முடிவு செய்ததில்லை. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளில் 56ஆம் விதி அதற்கென்றே எழுதப்பட்டது. பெரும்பாலோர்க்கு 55 வயது என்று அது வரையறுத்தது. மத்திய அரசு 1962இல் அதை 58 ஆக்கியது, 1998இல் 60 ஆக்கியது. தமிழ்நாட்டில் 58 என்பது நெடுங்காலம் நிலைத்திருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. அந்த 2020 மே மாதத்தை மறக்க இயலாது. மாதக் கடைசியில் விடைபெற வேண்டிய மூத்த நண்பர் ஒருவர், சொந்த ஊரில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்து வைத்திருந்தார். கொரோனாவில் அரசின் கருவூலம் வறண்டிருந்த நேரம், அரசாணை வந்தது, இன்னும் ஓராண்டு என்றது. மகிழ்வதா வருந்துவதா என்று அவருக்கே விளங்கவில்லை.

விதிக்கு வெளியே நின்று நாளையும் இடத்தையும் தாமே குறித்துக்கொண்ட ஒருவரும் இந்தச் சமவெளியில் இருந்தார். சேலத்தில் பேரும் பொருளும் ஈட்டிய வழக்கறிஞராகவும் 1917 முதல் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைக் கைவிட்டார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, இளைய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே குடியேறினார். அப்போது அவருக்கு 46 வயது. பிப்ரவரி 6ஆம் நாள் ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார் என்பது இன்று கேட்பவர்க்குப் புதுமையாக இருக்கும். மழை பொய்த்த மேட்டு நிலத்தில் நூல் நூற்றுப் பிழைக்க ஏழைகளுக்கு வழி செய்வதே ஆசிரமத்தின் பணி. இது அரசியலிலிருந்து ஓய்வல்ல, சம்பாத்தியத்திலிருந்து ஓய்வு. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: துறப்பதற்கு அவரிடம் ஒரு தொழில் இருந்தது. அவரிடம் நூற்க வந்த பெண்களிடம் அதுவும் இல்லை.

நடுவில் இருந்தவர்களின் கதைதான் எங்களுக்கு நெருக்கமானது. உள்ளாட்சிப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு ஒரு காலத்தில் ஓய்வூதியம் கிடையாது. சேமநல நிதியில் சேர்ந்த தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மகள் திருமணத்தோடு அது தீர்ந்துவிடும். காமராசர் முதலமைச்சராகவும், சி. சுப்பிரமணியம் கல்வி, நிதி இரண்டையும் கவனித்த அமைச்சராகவும், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த 1955இல் முப்பயன் திட்டம் வந்தது. சேமநல நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் ஒன்றாக. இந்தியாவில் இதை முதலில் செய்தது சென்னை மாநிலம்தான். தொகை சிறிது, ஆனால் மாதாமாதம் வந்தது, சாகும்வரை வந்தது.

'எங்கே' என்ற கேள்வி ஆசிரியனுக்கு அன்றுதான் பிறந்தது என்பது எங்கள் எண்ணம். அதற்கு முன் பிள்ளைகள் இருக்கும் இடமே இடம். மாதப் பணம் உறுதியான பிறகு, வாத்தியார் கடைசியாக வேலை பார்த்த ஊரிலேயே மனை வாங்கினார். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு காணும் 'ஆசிரியர் காலனி' என்ற பெயர்ப் பலகைகளைக் கல்வெட்டுப் போலப் படிக்கவேண்டும். முன்னால் வேப்பமரம், பக்கவாட்டில் கிணறு, மாடியில் வாடகைக்கு ஓர் அறை. அந்த வாடகையும் ஓய்வூதியத்தின் ஒரு பகுதி.

1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் கருணையன்று, செய்த பணிக்கு ஈட்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தறி நெய்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டியோடு வடநாடெல்லாம் அலைபவருக்கும் அந்த நாளில் பங்கில்லை. அவர்களுக்கென 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாய்; 2023இல்தான் அது 1,200 ஆயிற்று. உடம்பு நின்றுபோகும் நாளே அவர்களுக்கு ஓய்வு நாள்.

இனி எங்கள் காரணம். 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்க்கு 30 ஆண்டுப் பணிக்குக் கடைசி ஊதியத்தில் பாதி. எங்களுக்கு வகுக்கப்பட்டதோ பங்களிப்பு: ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்துப் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. முடிவில் ஒரு மொத்தத் தொகை. அதாவது 1955க்கு முந்தைய வாத்தியாரின் நிலை. குழுக்கள் அமைக்கப்பட்டன, 2019 சனவரியில் பெரிய வேலைநிறுத்தமும் நடந்தது. அந்த அரசியலை வேறிடத்தில் பேசலாம்.

மொத்தத் தொகையைக் கையில் பெறுபவன் ஊரைத் தேடும் விதம் வேறு. மருத்துவமனை முதலில் வருகிறது. 1986இல் சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் முதியவர்கள் சேலத்தை விட்டு நகர அஞ்சினார்கள். 2022இல் நாமக்கல்லுக்கும் ஒன்று வந்தது. 2013இல் சேலம், நாமக்கல், கரூர் ரயில் ஓடத் தொடங்கியதும் தூரக் கணக்கு மாறிற்று. பிறகு தண்ணீர். மேட்டாங்காட்டில் மனை மலிவு, ஆனால் கோடையில் தண்ணீர் வண்டிக்குக் கொடுப்பது அந்த மலிவைத் தின்றுவிடும். ஜேடர்பாளையம் அணையிலிருந்து இராஜவாய்க்கால் பாயும் பரமத்திவேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாகக் குளுமை, விலையும் அப்படியே.

சென்ற கோடையில் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் ஒரு மனையைப் பார்த்து வந்தோம். பேருந்து நிறுத்தம் நடக்கும் தூரம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்; தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். சான்றோர் கணக்கு சரி என்று எண்ணிக்கொண்டோம். இரவு வீட்டுக்கு வந்து பங்களிப்புக் கணக்குத்தாளை எடுத்து, ஓய்வு நாள் வரைக்கும் வட்டி போட்டுப் பார்த்தோம். மனைக்குச் சரியாக இருந்தது. வீடு கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.