தகட்டுக்குள் ஓடும் அலை: லாம்ப் முதல் தண்டையார்பேட்டை வரை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிடக்கும் ஒரு எஃகுத் தகட்டின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டினால், சத்தம் காற்றில் மட்டும் போவதில்லை. தகட்டின் இரண்டு முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மறு ஓரம் வரை ஓடும். வழியில் விரிசலோ துருப் பள்ளமோ இருந்தால், அதில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். இந்தக் 'கொஞ்சத்தை' வேலைக்கு ஆகிற விஷயமாக மாற்ற முக்கால் நூற்றாண்டு பிடிச்சிருக்கு.

1917-ல், முதல் உலகப்போருக்கு நடுவே, மான்செஸ்டர் கணிதப் பேராசிரியர் ஹொரஸ் லாம்ப் தகட்டில் ஓடும் அலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தகட்டின் தடிமனும் அதிர்வெண்ணும் தெரிந்தால், அதில் குறிப்பிட்ட சில அலைவகைகள்தான் ஓட முடியும்னு அது காட்டியது. சிக்கலும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேகம். அந்த வேகமும் அதிர்வெண்ணோடு மாறும். 'டக்'னு தட்டியது தூரத்தில் 'ட்ர்ர்ர்'னு இழுபட்டுத்தான் கேட்கும்.

1959-ல் டெனோஸ் காஸிஸ் இதே கணக்கைக் குழாய்க்குப் போட்டார். தொழிற்சாலைக்குள் வந்தது 1990-களில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பீட்டர் காலி, டேவிட் அலெய்ன் குழுவால். குழாயைச் சுற்றி உணரிகளை வளையமாக மாட்டி, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கும் அலையை அனுப்பலாம். அது மற்ற வகைகள் போல இழுபடாது. எண்ணெய் முறுக்கு அலையைச் சுமக்காது என்பதால், குழாய்க்குள் எண்ணெய் ஓடினாலும் பெரிய இடைஞ்சல் இல்லை. சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவி வைத்த இடத்துக்குக் கீழே மட்டும் பார்க்கும். இந்த வளையமோ தரைக்கு மேலுள்ள நல்ல குழாயில் இரு பக்கமும் பல பத்து மீட்டர் கேட்கும்.

வடசென்னைக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்னு விளக்க வேண்டியதில்லை. 2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. காரணம் நிலத்தடிக் குழாய்க் கசிவு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். இரண்டு இடத்திலும் ஊர் மூக்குதான் முதல் உணரி.

உணரிகளை நெருக்கமாக வைத்துவிட்டால் என்ன? காசு, மின்சாரம், கம்பி. அதனால்தான் குறைந்த அளவீடுகளை வைத்து மீதியைக் கணக்கிடும் ஆராய்ச்சி வளர்ந்தது. 2006-ல் கேண்டஸ், ரோம்பெர்க், டாவ் ஒரு பக்கமும், டோனஹோ இன்னொரு பக்கமும் காட்டியது இது: ஒரு சமிக்ஞை சில கூறுகளால் மட்டும் ஆனது என்றால், அதைச் சில அளவீடுகளிலிருந்தே மீட்டுவிடலாம். லாம்ப் அலைகள் அப்படிப்பட்டவைதானே! 2013-ல் ஜோயல் ஹார்லியும் ஜோசே மோராவும் இந்த இரண்டையும் சேர்த்தார்கள். தகட்டில் சில இடங்களில் மட்டும் அளந்து, எந்த அலை எந்த வேகத்தில் போகிறது என்பதை மீட்டார்கள். 1917-ல் தொல்லையாகத் தெரிந்த அந்த 'சில வகைகள்' இங்கே உதவிக்கு வந்துவிட்டன. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த திருப்பம் இதுதான்.

வெயில் தனித் தொல்லை. எஃகு சூடானால் அலை வேகம் குறையும். மார்கழி விடியலில் பதிந்ததை மே மாத மதியத்தோடு அப்படியே ஒப்பிட்டால், நல்ல குழாயும் கெட்டதாகத் தெரியும். வெப்பத்தைத் திருத்தாமல் எந்த ஒப்பீடும் செல்லாது.

சென்னையிலேயே இதற்கு ஆள் இருக்கு. ஐஐடி மெட்ராஸில் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் கட்டியெழுப்பிய சிதைவிலாச் சோதனை மையம் இந்த அலைகளில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. அங்கிருந்து கிளைத்த டிடெக்ட் டெக்னாலஜிஸ், குழாயிலேயே நிரந்தரமாக இருக்கும் உணரிகளை உருவாக்கியது.

ஆனால் மண்ணுக்குள் கதை வேறு. சுற்றியுள்ள மண்ணும் தார்ப்பூச்சும் அலையை உறிஞ்சிவிடும்; கேட்கும் தூரம் சில மீட்டராகச் சுருங்கலாம். பழைய குழாயில் ஒவ்வொரு வளையத்துக்கும் தெருவில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். தண்டையார்பேட்டைச் சந்துகளில் எத்தனை பள்ளத்துக்கு இடம் கிடைக்கும்? அதனால் நீண்ட புதைகுழாய்களுக்கு, 'பிக்' எனப்படும் கருவியை உள்ளே ஓட்டிப் பார்ப்பதே இன்றும் முதல் வழி. வளையம் பெரும்பாலும் சாலைக்கும் ரயில்பாதைக்கும் அடியில் போகும் துண்டுகளுக்குத்தான் வருகிறது.